வெந்நீர் பிளாஸ்டிக்ல பட்டாம்பூச்சி: றெக்கை ஓரம் மெலிசா வர்றதுக்கு என்ன பண்ணணும்

வெந்நீர்ல போட்டா இளகி, ஆறுனா கெட்டியாகுற பிளாஸ்டிக் குருணை இருக்குல்ல, அத வெச்சு அலங்கார பட்டாம்பூச்சி செய்யறத பத்தி சொல்றேன். நிறைய வீட்டுல செஞ்சு வெச்சிருக்கறத பாக்கறேன், கலர் எல்லாம் பிரமாதமா இருக்கும், ஜிகினா கூட போட்டிருப்பாங்க, ஆனா றெக்கை முழுக்க ஒரே தடிமனா, தரையோட தரையா தட்டையா கெடக்கும், அதனால பறக்கற ஜீவனுங்கற எண்ணமே வராது. ரெண்டே விஷயம்தாங்க. ஓரம் மெலிசா இருக்கணும், றெக்கை ஒடம்புல இருந்து மேல எழும்பி நிக்கணும். இந்த ரெண்டும் வந்துட்டா பெயின்ட் சுமாரா இருந்தாலும் பாக்கறவங்க ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க.

மொதல்ல பொருள். பாலிமார்ஃப், இன்ஸ்டாமார்ஃப், தெர்மோமார்ஃப்னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர்ல விக்கறாங்க, உள்ள இருக்கறது பாலிகேப்ரோலேக்டோன்ங்கற ஒரே பிளாஸ்டிக்தான், சுமார் 60 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். இது புதுசா வந்த பொருளும் இல்ல, நைலான கண்டுபிடிச்ச கரோத்தர்ஸோட குழு 1930கள்லயே இத செஞ்சு பாத்துட்டாங்க. கேன்சருக்கு ரேடியேஷன் குடுக்கறப்போ தலை அசையாம இருக்க மொகத்து மேல வலை வலையா ஒரு மாஸ்க் மாட்டுவாங்க, அதுவும் பெரும்பாலும் இந்த வகை பிளாஸ்டிக்ல செஞ்சதுதான், வெந்நீர்ல முக்கி எடுத்து மொகத்து மேலயே வெச்சு வடிவம் எடுப்பாங்க. அந்த சூட்டுல தோல் தாங்குதுன்னா நம்ம கையும் தாங்கும், ஆனா கொதிக்கற தண்ணியில இருந்து நேரா எடுத்து கையில வெக்கக்கூடாது, அத கீழ சொல்றேன்.

குருணை வெள்ளையா, உருண்டையா இருக்கும், சூடான தண்ணியில விழுந்ததும் ஒண்ணொண்ணா கண்ணாடியா மாறிடும். ஏற்காட்டுல இருக்கற எங்க பெரியம்மா வீட்டுல வெச்சு செஞ்சப்போ அவங்க பாத்திரத்த எட்டிப்பாத்துட்டு, "ஏன் கண்ணு, ஜவ்வரிசிய வேக வெச்சிட்டு அத போய் கையில உருட்டிட்டு இருக்க?"ன்னு கேட்டாங்க. சேலத்துக்காரங்களுக்கு இதவிட நல்லா புரிய வெக்க முடியாது, ஜவ்வரிசி வெந்தா வெள்ளை போய் கண்ணாடி ஆகுறத எப்படி பாத்து எறக்குவீங்களோ அதே கணக்குதான், நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு தெரிஞ்சாகூட இன்னும் இளகலைன்னு அர்த்தம், முழுக்க தெளிஞ்சதும் எடுத்துடலாம். ஆறுனா மறுபடியும் வெள்ளையாகிடும். ஜவ்வரிசிய திரும்ப பச்சையாக்க முடியாது, இத எத்தன தடவ வேணும்னாலும் திரும்ப இளக்கலாம், அதனால ஒரு றெக்கை கோணலா வந்துச்சுன்னு தூக்கி போட வேண்டியதே இல்ல, தண்ணியில போட்டு திரும்ப ஆரம்பிங்க.

எவ்வளவு வேணும்னா, றெக்கைக்கு றெக்கை 8 சென்டிமீட்டர் இருக்கற பட்டாம்பூச்சிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குருணை போதும், சுமார் 10 கிராம், வெட்டுனதுல கொஞ்சம் மிச்சமே ஆகும். 100 கிராம் பாக்கெட் ஒண்ணு வாங்குனா பத்து பட்டாம்பூச்சி வந்துடும். இது போக வேண்டியது: பேக்கிங்குக்கு விக்கற சிலிகான் மேட் ரெண்டு, நேரான கண்ணாடி பாட்டில் ஒண்ணு, கூர்மையான சின்ன கத்தரிக்கோல், பழைய ஏடிஎம் கார்டு நாலு, மொனை மழுங்குன ஊசி, பழைய பருத்தி வேட்டித்துணி, கொம்புக்கு 26 கேஜ் கம்பி, ஹேர் ட்ரையர். கம்பியும், கலருக்கு கலக்கற மினுமினுப்பான மைக்கா பவுடரும் நீங்க வழக்கமா போற ஃபேன்சி ஸ்டோர்லயே கேளுங்க, சேலத்துல சின்னக்கடை வீதி பக்கம் போனீங்கன்னா அலைய வேண்டியிருக்காது. ஏடிஎம் கார்டு எதுக்குன்னு யோசிப்பீங்க. ஒரு கார்டு 0.76 மில்லிமீட்டர் தடிமன், உலகத்துல எந்த பேங்க் கார்டா இருந்தாலும் அதே அளவுதான், ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணா வெச்சா ஒன்றரை மில்லிமீட்டர். மேட்டோட ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கார்டு வெச்சு அது மேல பாட்டில உருட்டுனா நடுவுல இருக்கற பிளாஸ்டிக் சரியா அந்த தடிமன்ல தகடா வந்து நிக்கும், மேல கீழன்னு ஏத்த எறக்கம் இருக்காது. கார்டு மேல சூடான பிளாஸ்டிக் மட்டும் படாம பாத்துக்கோங்க, பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக் கவ்விக்கும்.

செய்யறதுக்கு முன்னாடி நெஜ பட்டாம்பூச்சி ஒண்ண நல்லா பாருங்க, இத நான் ரொம்ப அழுத்தி சொல்வேன். கூகுள்ல வர்ற கார்ட்டூன் படத்த பாத்து செஞ்சா நாலு றெக்கையும் ஒரே சைஸ்ல, வயித்துல இருந்து மொளைச்ச மாதிரி வந்துடும். நெஜத்துல நாலு றெக்கையும், ஆறு காலும் நடு ஒடம்புல, அதாவது மார்புப் பகுதியில இருந்துதான் கெளம்பும், வயிறு பின்னாடி தனியா தொங்கும். முன் றெக்கை நீளமா முக்கோண வாட்டத்துல இருக்கும், பின் றெக்கை கொஞ்சம் உருண்டையா இருக்கும், முன் றெக்கையோட கீழ் ஓரம் பின் றெக்கை மேல லேசா ஏறி படிஞ்சிருக்கும். கொம்பு நுனியில சின்னதா ஒரு குண்டு இருக்கும், அந்த குண்டு இல்லாம இறகாட்டம் பிசிறு பிசிறா இருந்தா அது அந்துப்பூச்சி.

எத பாத்து செய்யலாம்னு கேட்டா, நம்ம ஊர்லயே வேண்டியது இருக்கு. வீட்டுல கறிவேப்பிலை செடியோ எலுமிச்சையோ இருந்தா எலுமிச்சை பட்டாம்பூச்சி தானா வந்து முட்டை வெக்கும், கருப்புல வெளிர் மஞ்சள் திட்டு திட்டா, பின் றெக்கை உள் ஓரத்துல செங்கல் சிவப்புல ஒரு பொட்டு, வால் இருக்காது. எருக்கஞ்செடி பக்கத்துல வெந்தய வரியன் சுத்திட்டே இருக்கும், காவி ஆரஞ்சு றெக்கை, முன் றெக்கை நுனி மட்டும் கருப்பு, அதுல ஒரு வெள்ளைப் பட்டை. ஆரம்பத்துல செய்யறவங்களுக்கு இதுதான் லேசு. தமிழ்நாட்டோட மாநில பட்டாம்பூச்சின்னு 2019ல அறிவிச்ச தமிழ் மறவனும் ஆரஞ்சுதான், ஓரத்துல கருப்பா நெளி நெளியா கோடு ஓடும், அந்த நெளிவ வரையறதுக்கு கை கொஞ்சம் பழகியிருக்கணும். வால் வெச்சது வேணும்னா க்ரிம்சன் ரோஸ், கருப்பு றெக்கை, முன்னாடி வெள்ளைப் பட்டை, பின்னாடி குங்குமச் செவப்புல பொட்டு பொட்டா, ஒடம்பும் செவப்பு.

எனக்கு ரொம்ப பிடிச்சது ப்ளூ டைகர். ஏற்காட்டுல ரோட்டோரமா கிலுகிலுப்பை செடி இருந்தா அங்க பத்து நிமிஷம் நின்னு பாருங்க, அந்த செடியில இருக்கற ஒரு கசப்பு சத்துக்காக ஆண் பூச்சிங்க வந்து மொய்க்கும். வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி இந்த கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துல இருந்து மேற்குத் தொடர்ச்சி மலைய பாத்து கூட்டங்கூட்டமா போறதும் இதோட சாதிதான். காலைல வெயில் ஏறுற நேரத்துல றெக்கைய விரிச்சு காய வெக்கும், அப்போ மேல இருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, பிடிக்கவெல்லாம் வேண்டாம், றெக்கையில இருக்கற செதில் கையோட வந்துடும். பக்கவாட்டு போட்டோவ விட்டுடாதீங்க, றெக்கை எந்த கோணத்துல தூக்கியிருக்குன்னு அதுல மட்டும்தான் தெரியும்.

அந்த போட்டோவ வெச்சு அச்சு வெட்டுங்க. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை சரியான தடிமன்ல இருக்கும், முன் றெக்கை ஒண்ணு பின் றெக்கை ஒண்ணு மட்டும் வெட்டுனா போதும், திருப்பி போட்டா அடுத்த பக்கத்துக்கு ஆச்சு.

இப்ப தண்ணி. 65ல இருந்து 70 டிகிரி இருக்கணும், தெர்மாமீட்டர் இல்லைன்னாலும் பரவால்ல, சேலத்துல ரெண்டு டம்ளர் கொதிக்கற தண்ணிக்கு ஒரு டம்ளர் குழாய் தண்ணி கலந்தா பாத்திரம் இழுத்தது போக கிட்டத்தட்ட அங்க வந்து நிக்கும். ஏற்காட்டுல அந்த கணக்கு ஒத்து வராதுங்க. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1500 மீட்டர் ஒசரத்துல தண்ணி 95 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், பச்சத்தண்ணியும் அங்க ஜில்லுனு இருக்கும், அதனால மூணு டம்ளருக்கு ஒரு டம்ளர்னு வெச்சுக்கோங்க. பாத்திரம் எவர்சில்வர் இல்ல பீங்கான், பிளாஸ்டிக் மக்கு கூடவே கூடாது. அடுப்பு மேல வெச்சுட்டே குருணைய போடாதீங்க, அடியில போய் உக்காந்து ஒட்டிக்கும், கலந்து எறக்கி வெச்ச தண்ணியில தூவி விடுங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல தெளிஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேந்துடும். எவர்சில்வர் கரண்டியால திரட்டி எடுத்து, சில நொடி காத்துல ஆட விட்டு, கைய பச்சத்தண்ணியில நனைச்சுட்டு அப்பறம் தொடுங்க. இளகின பிளாஸ்டிக் சூட்ட உள்ளயே பிடிச்சு வெச்சிருக்கும், காஞ்ச தோல்ல ஒட்டுனா உதறுனாலும் வராது. பசங்கள கூட வெச்சு செய்யறதா இருந்தா தண்ணி வேலைய பெரியவங்க பாத்துக்கோங்க, உருட்டறது வெட்டறது அவங்க செய்யட்டும். அப்பறம் வேல முடிஞ்ச தண்ணிய சிங்க்ல அப்படியே கொட்டாதீங்க, ஒரு துணியில வடிகட்டி ஊத்துங்க, குழாய்க்குள்ள போய் ஆறுன பிளாஸ்டிக் கெட்டியா அடைச்சுக்கும்.

கலர் சேக்கறது உருண்டை கையில சூடா இருக்கறப்போவே. மைக்கா பவுடர் ஒரு சிட்டிகை வெச்சு மடிச்சு மடிச்சு பிசைஞ்சா சீரா பரவும், மினுமினுப்பும் கெடைக்கும். அக்ரிலிக் பெயின்ட்னா ஒரு சொட்டு, அதுக்கு மேல போனா தண்ணி உள்ள மாட்டிக்கிட்டு பிளாஸ்டிக் பிரிஞ்சு பிரிஞ்சு வரும். கோலப்பொடி போடலாமான்னு கேப்பாங்க, அதுல மணலும் கல்லுமாவும் இருக்கும், தகடு நறநறன்னு வரும், வேண்டாம். ஒரு விஷயம் முக்கியம், சூட்டுல பாக்கற கலர் கடைசி கலர் கெடையாது, ஆறுறப்போ பிளாஸ்டிக்கோட வெள்ளை மேல வந்து எல்லா கலரையும் ரெண்டு படி வெளுக்க வெச்சுடும், கருப்பு சாம்பல் ஆகும், செவப்பு ரோஸ் ஆகும். ஒரு துளி கிள்ளி பச்சத்தண்ணியில போட்டு ஆற வெச்சு பாத்துட்டு பத்தலைன்னா இன்னும் சேருங்க.

பிசைஞ்சத ரெண்டு சிலிகான் மேட்டுக்கு நடுவுல வெச்சு கார்டு மேல பாட்டில உருட்டுங்க. ஏற்காட்டுல மார்கழி குளிர்ல செய்யறீங்கன்னா மேட்டையும் பாட்டிலையும் வெந்நீர்ல முக்கி எடுத்துட்டு ஆரம்பிங்க, இல்லைன்னா பாதி உருட்டறதுக்குள்ள எறுகிடும். சேலத்துல சித்திரை மாசம் அந்த கவலையே இல்ல, ஆறுறதுக்குத்தான் நேரம் எடுக்கும், ஃபேனுக்கு அடியில வெச்சுக்கலாம். தகடு லேசா வெள்ளை கட்ட ஆரம்பிச்சு இன்னும் வளையற பதத்துல இருக்கறப்போ அச்ச மேல வெச்சு, ஊசியால கோடு போட்டு, ஈரம் பண்ணுன கத்தரிக்கோலால வெட்டுங்க. அந்த பதம் ரெண்டு மூணு நிமிஷம் நிக்கும். தப்பிடுச்சுன்னா திரும்ப முக்குங்க.

இப்ப ப்ளூ டைகருக்கு வர்றேன், இதுலதான் இந்த பிளாஸ்டிக்கோட அருமையே தெரியும். அந்த பூச்சியோட றெக்கை கருப்பு, அதுல வெளிர் நீலத்துல நீள நீளமா கீத்தும் ஓரத்துல பொட்டும், அந்த நீலம் பாதி கண்ணாடியா வெளிச்சத்த விடும். மேல பெயின்ட் அடிச்சா அந்த எஃபெக்ட் வராது, பதிச்சு செய்யணும். கருப்பு தகட்டுல றெக்கைய அச்ச விட அரை சென்டிமீட்டர் பெருசா வெட்டிக்கோங்க. வெளிர் நீலத்த ரொம்ப கம்மியா கலர் போட்டு, மெல்லிசா திரியா உருட்டி, அரிசி அளவுக்கு துண்டு துண்டா நறுக்கி வெச்சுக்கோங்க. இடது றெக்கையையும் வலது றெக்கையையும் ஒண்ண ஒண்ணு பாக்கற மாதிரி பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஊசியால கருப்புல கீத்து வர்ற எடத்த சுரண்டி எடுத்துட்டு, அந்த குழியில நீலத்துண்ட வைங்க, இங்க ஒண்ணு வெச்சா உடனே அங்க ஒண்ணு. ஒரு பக்கத்த முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போனா ரெண்டும் ஒத்துப்போகாது. ரெண்டு பிளாஸ்டிக்கும் சூடாவும் சுத்தமா காஞ்சும் இருந்தாத்தான் ஒட்டும், நடுவுல ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் ஆறுனதுக்கு அப்பறம் பொலபொலன்னு உதிந்துடும், அதனால வேட்டித்துணியால ஒத்தி எடுத்துட்டு ஹேர் ட்ரையர ஹாட்ல வெச்சு, பளபளப்பு வர்ற வரைக்கும் காட்டுங்க. பளபளப்பு வந்ததுமே மேட்ட மூடி உருட்டணும். எந்த பக்கமா உருட்டறீங்கங்கறது ரொம்ப முக்கியம், றெக்கை ஒடம்புல சேர்ற எடத்துல இருந்து வெளி ஓரத்த பாத்து மட்டும் உருட்டுங்க, அந்த இழுப்புல நீல அரிசி நீண்டு கீத்தாகும், நெஜ பூச்சியிலயும் கீத்து அதே தெசையிலதான் ஓடுது. குறுக்க உருட்டுனா எல்லாம் அகலமா நசுங்கி திட்டு திட்டாகிடும். அப்பறம் அச்ச வெச்சு சரியான அளவுக்கு வெட்டுனீங்கன்னா, வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, கருப்பு அடைச்சு நிக்கும், நீலம் மட்டும் வெளிச்சத்த விடும்.

இனிமேதான் ஓரம். வெட்டுன றெக்கையோட வெளி விளிம்ப மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெந்நீர்ல அஞ்சு நொடி விட்டு எடுங்க, அது மட்டும் கண்ணாடியாகும், மத்த எடம் கெட்டியா இருக்கும். ஈரக் கட்டை வெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சு உள்ள இருந்து வெளிய லேசா இழுத்துட்டே வாங்க, ஒரே எடத்துல அமுக்காம, வெரல் நகந்துட்டே இருக்கணும். ஒடம்பு பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் அப்படியே இருக்கும், ஓரத்துக்கு வர வர பேப்பர் தடிமனுக்கு கொறையும். ஓரம் இப்படி அலை அலையா நெளியும், அத திருத்தாதீங்க, நெஜ றெக்கையும் அப்படி சீரா இருக்காது. க்ரிம்சன் ரோஸுக்கு வால் வேணும்னா இதே நேரத்துல ஈர வெரலால கீழ் முனைய கிள்ளி இழுத்தா வந்துடும், தனியா ஒட்ட வேண்டாம்.

நரம்பு போடறது மழுங்குன ஊசியால, லேசா சூடு இருக்கறப்போ. எலைய வெச்சு அமுக்கி நரம்பு எடுக்கற ஒரு டெக்னிக் நிறைய வீடியோல காட்டறாங்க, எனக்கு அது சம்மதம் இல்ல, எலையில நடு நரம்பு ஒண்ணு இருந்து ரெண்டு பக்கமும் கிளை பிரியும், பட்டாம்பூச்சி றெக்கையில ஒடம்பு பக்கத்துல ஒரு மூடுன அறை இருக்கும், நரம்பெல்லாம் அந்த அறையில இருந்து வெளி ஓரத்துக்கு விசிறியா விரியும். ஏழெட்டு கோடு போதும், நெறைய வேண்டாம்.

ஒடம்புக்கு ஒரு சுண்டல் அளவு கருப்ப எடுத்து நீளமா உருட்டி, ரெண்டு எடத்துல வெரலால லேசா அமுக்குனா தலை, மார்பு, வயிறுன்னு மூணா பிரியும். மார்பு நல்லா பருமனா இருக்கட்டும், நாலு றெக்கையும் அதுலதான் நிக்கணும். கொம்புக்கு கம்பிய மூணு சென்டிமீட்டர்ல ரெண்டு வெட்டி, ஒரு முனைய சின்னதா சுருட்டிக்கோங்க, அதுதான் குண்டு, இன்னொரு முனைய கொக்கியா மடக்கி தலைக்குள்ள சொருகுங்க. கம்பியோட இந்த பிளாஸ்டிக் ஒட்டாது, கொக்கி இல்லைன்னா இழுத்ததும் கையோட வந்துடும்.

சேக்கறதுக்கு முன்னாடி ஒரு பழைய நோட்டு புக்க பாதி தொறந்து வி வடிவத்துல நிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் ஏதாவது முட்டுக் குடுத்து, மேல சிலிகான் மேட்ட விரிச்சு தயாரா வைங்க. ஒடம்பு நடு மடிப்புல படுக்கும், றெக்கை ரெண்டு சரிவுலயும் சாஞ்சுக்கும். பின் றெக்கைய மொதல்ல, முன் றெக்கைய அப்பறம், அப்பத்தான் மேல ஏறி படியும். றெக்கையோட அடி முனையையும் மார்போட தோள்பட்டையையும் ஹேர் ட்ரையரால ஒரே நேரத்துல சூடு காட்டி, ரெண்டும் கண்ணாடி ஆனதும் வெச்சு அமுக்கி, பத்து வரைக்கும் எண்ணிட்டு விடுங்க. மெலிசான ஓரத்து மேல சூடு படாம ஈரத்துணியால மூடிக்கணும், இல்லைன்னா இவ்ளோ நேரம் இழுத்த ஓரம் சுருண்டுடும். எல்லாம் ஒட்டுனதும் நோட்டு மேலயே பத்து நிமிஷம் விட்டுடுங்க. கோணம் முப்பது நாப்பது டிகிரி தூக்கியிருந்தா அழகு, அதுக்கு மேல போனா மூடுற மாதிரி தெரியும். ஆறுனதுக்கு அப்பறம் ஒரு முன் றெக்கைய மட்டும் மறுபடி லேசா சூடு காட்டி கொஞ்சம் முன்னாடி தள்ளி விடுவேன், ரெண்டும் அச்சு அசலா ஒரே கோணத்துல இல்லாம இருந்தாத்தான் இப்ப வந்து உக்காந்த மாதிரி இருக்கும்.

பதிக்காம பெயின்ட் அடிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. இந்த பிளாஸ்டிக் மேல மெழுகு தன்மை இருக்கும், நேரா அடிச்சா நகத்துல உரிஞ்சு வரும். 320 நம்பர் உப்புத்தாள தண்ணி தொட்டு கையால மெதுவா தேய்ங்க, வேகமா தேச்சா அந்த உரசல் சூட்டுக்கே இளகிடும். அக்ரிலிக் ப்ரைமர் ஒரு கோட்டிங், அப்பறம் அக்ரிலிக் கலர், கடைசியில வார்னிஷ். காய வெக்க ஹேர் ட்ரையர் எடுக்காதீங்க. மெல்லிசான கோட்டுக்கு பர்மனென்ட் மார்க்கர் நல்லா ஓடும், தமிழ் மறவனோட நெளிவுக்கு நான் அதத்தான் எடுப்பேன்.

ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும்னா வயித்துக்கு அடியில சின்ன நியோடிமியம் காந்தத்த சூட்டோட அமுக்கி, சுத்தி பிளாஸ்டிக்க ஏத்தி மூடிடுங்க. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி தாண்டுனாத்தான் சக்தி எழக்கும், நம்ம 65, 70க்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கைக்குழந்தை இருக்கற வீட்டுல காந்தமே வேண்டாம், ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா உள்ள போய் குடல நடுவுல வெச்சு கவ்விக்கும், உசுருக்கே ஆபத்து. தொங்க விடறதுக்கு தங்கூசி நரம்பு எடுத்துக்கோங்க, மார்புல ஒரு ஓட்டை மட்டும் போட்டா தலைகுப்புற சாயும், முன் றெக்கை அடியில பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு ஓட்டை, இளக்கமா இருக்கறப்போவே பல்குத்தியால குத்திடுங்க. பூந்தொட்டியில சொருக ஈர்க்குச்சி போதும். கொலுவுல பார்க் வெக்கறவங்க இந்த ஈர்க்குச்சி பட்டாம்பூச்சிய ஒரு அஞ்சாறு செஞ்சு முளைப்பாரிக்கு மேல வெவ்வேற ஒசரத்துல சொருகி பாருங்க, ஆனா குத்துவிளக்குக்கு ஒரு முழம் தள்ளியே வைங்க.

எங்க வெக்கக்கூடாதுன்னு சொல்லியே ஆகணும், ஏன்னா சேலம் வெயில் அப்படி. காத்து 40 டிகிரி பக்கம் போற நாள்ல பூட்டி நிறுத்துன காரோட டேஷ்போர்டு 70 டிகிரிய தாண்டிடும், அங்க வெச்சீங்கன்னா சாயங்காலம் வந்து பாக்கறப்போ றெக்கை தொங்கி டேஷ்போர்டோட ஒட்டியிருக்கும். மேற்கு பாத்த ஜன்னல் கம்பி, இரும்பு கேட்டு, மொட்டை மாடி தகரம், கேஸ் அடுப்புக்கு மேல இருக்கற ஷெல்ஃப், இதெல்லாமும் வேண்டாம். ஏற்காட்டு வீட்டுல ஜன்னல்ல தொங்க விடலாம், ஆனா கீழ சேலத்துக்கு பரிசா குடுத்து அனுப்பறப்போ பஸ்ல வெயில் பக்கம் சீட்டுல பைய வெக்காதீங்கன்னு சொல்லி அனுப்புங்க, இருவது கொண்டை ஊசி வளைவு எறங்கறதுக்குள்ள மெலிசான ஓரம் நசுங்காம இருக்க ஒரு டப்பாவுல பஞ்சு போட்டு வெச்சு குடுத்தா போதும்.

வெட்டுன மிச்சத்த கலர் வாரியா தனித்தனி டப்பாவுல போட்டு வைங்க, பெயின்ட் அடிச்ச துண்ட மட்டும் சுரண்டாம அதுல சேக்காதீங்க. எல்லா கலரும் கலந்து போச்சுன்னா ஒரு மண்ணு பழுப்புல வரும், அது றெக்கைக்கு ஆகாது, அடுத்த பட்டாம்பூச்சிக்கு ஒடம்பு செய்யறதுக்கு எடுத்துக்கலாம்.